தோட்டத்து ஏடுகளும் வட்டார வரலாறும்

கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் பெக்கோக். சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் முன்னர் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. இன்று பெரும்பகுதியில் செம்பனை நிற்கிறது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்குச் செல்வோரும், விடுமுறை நாள்களில் சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சிக்குச் செல்வோரும் இவ்வூரின் வழியாகவே செல்கின்றனர்.

இத்தகைய ஊரின் வரலாறு எங்கே உள்ளது? இங்குள்ள தோட்டங்களில் முதன்முதலாகக் காடு வெட்டியவர் யாவர்? அவர்கள் எந்தக் கிராமத்திலிருந்து வந்தனர்? முதல் பள்ளிக்கூடம் எந்த ஆண்டில் எந்தக் கொட்டகையில் தொடங்கியது? இக்கேள்விகளை நம் பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலோர் விடை தெரியாது என்றே கூறுவர். பெரியவர்களிடம் கேட்டால் பாதி நினைவாகவும் பாதி ஊகமாகவும் விடை கிடைக்கும். உறுதியான விடையைத் தருபவை எழுதப்பட்ட ஏடுகளே. அந்த ஏடுகள் எவை, அவற்றைக் காக்க அரசாங்கங்கள் செய்தவை எவை, தோட்டத்தில் வாழும் நாம் செய்ய வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

இருப்புப்பாதையும் தோட்டங்களும்

ஜொகூர் மாநிலத்தின் ஊடே செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதற்கு முன்னர் இப்பகுதியில் ஆறுகளும் காட்டு வழிகளுமே போக்குவரத்துக்கு உதவின. இரயில் வந்த காலமும், உலகச் சந்தையில் ரப்பரின் விலை உச்சத்திற்கு ஏறிய காலமும் ஒன்றாக அமைந்தன. ஆகவே, பாதையின் இருபுறமும் இருந்த காடுகள் விரைவாகத் தோட்டங்களாக மாறின.

காடு திருத்தவும் பால் வெட்டவும் ஆட்கள் தேவைப்பட்டனர். தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகள் தங்கள் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தனர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, கரையிறங்கியபின் சில நாள்கள் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, அதன் பின்னரே அவர்கள் தோட்டங்களை அடைந்தனர். 1926ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரை நம் முதியவர்களுள் பலர் இன்றும் நினைவு கூர்வர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் தொழிலாளர்களின் பயணத்தை நிறுத்தியது. கங்காணி முறையும் அத்துடன் முடிவுற்றது.

இவை பொதுவான செய்திகள். எந்த வரலாற்று நூலிலும் கிடைப்பவை. ஆனால் நம் தோட்டத்திற்கு வந்த முதல் கங்காணி யார், அவருடன் எத்தனை குடும்பங்கள் வந்தன என்னும் செய்தி அந்நூல்களில் இராது. பொது வரலாறு நாட்டைக் காட்டும். வட்டார வரலாறு நம் வீட்டைக் காட்டும். இரண்டாவதை எழுத வேண்டுமானால் சிறிய ஏடுகளே தேவை.

பெயர் எழுதப்பட்டவரும் எழுதப்படாதவரும்

ஏட்டில் பெயர் இருப்பதும் இல்லாமற்போவதும் எத்துணை வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் உணரலாம்.

முதலாவது, மொரிசியசுத் தீவு. அங்கு 1834ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்த முறையில் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 450,000 பேர் அத்தீவில் கரையிறங்கினர். அவர்களுள் தமிழரும் பலர். வந்தவர்களின் பெயர், வயது, தந்தையின் பெயர், பிறந்த ஊர், ஏறிவந்த கப்பல் ஆகியவற்றை அன்றைய அரசாங்கம் பதிவேடுகளில் எழுதி வைத்தது. தொழிலாளரைக் கண்காணிப்பதற்காகவே அவை எழுதப்பட்டன என்பது உண்மை. எனினும், அப்பதிவேடுகள் அழியாமல் நின்றமையால், ஐந்தாம் தலைமுறைப் பேரன் ஒருவன் இன்று தன் முப்பாட்டனின் ஊரைத் தேடிக் கண்டறிய முடிகிறது. மகாத்மா காந்தி கழகத்தில் காக்கப்பட்டு வரும் இப்பதிவேடுகள் 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் இத்தகைய பதிவேடுகள் 2011ஆம் ஆண்டிலேயே அப்பட்டியலில் இடம் பெற்றுவிட்டன.

இரண்டாவது, நம் முன்னோரை வாட்டிய சயாம் மரண இரயில்பாதை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை அமைத்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கு கொண்டு செல்லப்பட்டனர். அங்கே இறந்த போர்க்கைதிகளின் பெயர்கள் இராணுவப் பதிவேடுகளில் இருந்தன. ஆகவே காஞ்சனாபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலான கற்களின்மீது பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அதே பாதையில் காலராவாலும் பசியாலும் மாண்ட நம் தொழிலாளர்களுக்கு அத்தகைய பெயர்ப்பட்டியல் இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதையே ஆய்வாளர்கள் மதிப்பீடாகக் கூறுகின்றனர்.

ஒரே மண்ணில் புதைந்தவர்களுள் ஒருவருக்குப் பெயர் உண்டு, மற்றவருக்கு இல்லை. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது ஒரு பதிவேடு. ஆனால் புறப்பட்டுச் சென்றவரின் பெயர் அவர் வாழ்ந்த தோட்டத்தின் சம்பள ஏட்டில் இருந்திருக்கும். எந்த மாதத்தில் அப்பெயருக்கு எதிரே வருகைக் குறி நின்றுபோயிற்று என்பதையும் அவ்வேடு காட்டியிருக்கும். அவ்வேடுகளும் காக்கப்பட்டிருந்தால், பெயரற்றோர் பலருக்கு இன்று பெயர் இருந்திருக்கும்.

அரசாங்கங்கள் மேற்கொண்ட பணிகள்

தமிழ்நாட்டில் இப்பணிக்கு நெடிய வரலாறு உண்டு. புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதினார். அது அரசாங்கத்தின் ஏடு அன்று. ஒரு வீட்டில் இருந்த தனி மனிதரின் ஏடு. அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின் 1846ஆம் ஆண்டில் அது வெளிச்சத்திற்கு வந்தது. பின்னர் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அதனை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் எவரும் அந்நூலை ஒதுக்கிவிட இயலாது. எழும்பூரில் 1909ஆம் ஆண்டில் எழுந்த சென்னை ஆவணக் காப்பகம், இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்னும் பெயருடன் பணியாற்றி வருகிறது.

நம் நாட்டில், விடுதலை பெற்ற அதே 1957ஆம் ஆண்டின் டிசம்பரில் பொது ஆவண அலுவலகம் தோற்றுவிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் அது தேசிய ஆவணக் காப்பகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘அர்க்கிப் நெகாரா’ என மலாய் மொழியில் நாம் அறிந்திருப்பது இதனையே. 1966ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2003ஆம் ஆண்டில் புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. தலைமை இயக்குநரின் அனுமதியின்றி எந்த அரசாங்க அலுவலகமும் தன் ஆவணங்களை அழித்துவிடக் கூடாது என அச்சட்டம் விதிக்கிறது. தலைமையகம் கோலாலம்பூரில் உள்ளது. ஜொகூர் பாருவில் கிளையும் உண்டு.

காப்பகத்தின் கருவூலத்தில் உள்ளவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். கெடா மாநிலத்தை 1882 முதல் 1943 வரை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதத் தொகுப்பு, 2001ஆம் ஆண்டில் உலக நினைவுப் பட்டியலில் இடம் பெற்றது. ஒரு மாநிலத்தின் அன்றாட நிர்வாகக் கடிதங்களே அவை. எழுதப்பட்ட நாளில் அவை சாதாரணக் கடிதங்கள். காக்கப்பட்டதனால் உலகச் செல்வமாயின.

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. எழுத்தில் இல்லாத செய்திகளை, வாழ்ந்தவர்களின் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து காப்பது அதன் பணி. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை நேரில் கண்டவர்களின் குரல்கள் அவ்வாறு சேமிக்கப்பட்டன. பழைய செய்தித்தாள்களையும் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் மாற்றி, இணையத்தில் இலவசமாகப் படிக்க வகை செய்துள்ளது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அவற்றுள் அடங்கும். பெக்கோக் என்னும் பெயரை அதில் ஆங்கில எழுத்துகளில் இட்டுத் தேடிப் பார்க்கலாம். ஜொகூர் என்பதன் இறுதியில் பழங்கால ஆங்கில வழக்கப்படி ஓர் ‘இ’ எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துத் தேடுவது நன்று.

சட்டத்தின் கைக்கு எட்டாத ஏடுகள்

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும், தோட்டத்து ஏடுகள் ஏன் மறைந்து போகின்றன? இதற்கான காரணத்தை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

காப்பகச் சட்டத்தின் பாதுகாப்பு முதன்மையாக அரசாங்க அலுவலகங்களின் ஆவணங்களுக்கே உரியது. தோட்டத்தின் செக்ரோல் ஏடோ, பிரட்டு ஏடோ, ஸ்டோர் கணக்கோ அரசாங்க ஆவணம் அன்று. அது நிறுவனத்தின் உடைமை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலாளர் பற்றிய பதிவேடுகளை முதலாளிமார் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அவற்றை ஆறு ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஏழாம் ஆண்டில் அந்த ஏட்டை எரித்தாலும் குற்றமில்லை. தோட்டம் கைமாறும்போதும், அலுவலகம் இடிக்கப்படும்போதும் பழைய ஏடுகள் தீக்கு இரையாவது இதனாலேயே.

தோட்டங்கள் கைமாறுவது நமக்குப் புதிதன்று. 1950களில் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அதன் விளைவுகளை ஆராய்ந்த உங்கு அஜிஸ் குழுவினரின் அறிக்கை 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அந்நிலைக்கு மாற்றாகவே 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பின்னாளில் ரப்பர் செம்பனையாயிற்று. நகரை அடுத்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிகளும் மூடப்பட்டன அல்லது இடம் மாறின. 1957ஆம் ஆண்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகும். குறைந்துபோன பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சேர்க்கைப் பதிவேடு இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மனிதர் அழிக்காததை வெள்ளம் அழிக்கிறது. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும், அதனை அடுத்த ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் தாக்கியது. 2011ஆம் ஆண்டிலும், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் சிகாமட் மாவட்டம் மீண்டும் நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்தபின் மெத்தைகளோடும் பெட்டிகளோடும் சாலையோரத்தில் குவிக்கப்பட்ட குப்பையில், எத்தனை குடும்பங்களின் புகைப்படங்களும் பத்திரங்களும் சென்றன என்பதற்குக் கணக்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் பெக்கோக் வட்டாரத் தோட்டம் ஒன்றிற்குப் பணி நிமித்தம் சென்றிருந்தேன். லயத்தின் கடைசி வீட்டில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், பரணிலிருந்து பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை இறக்கச் சொன்னார். அவருடைய தகப்பனாரின் கடப்பிதழ், தொழிற்சங்கச் சந்தா அட்டை, மாரியம்மன் கோயில் திருவிழா இரசீதுகள், பெயர் எழுதப்படாத இரண்டு திருமணப் புகைப்படங்கள், நான்காக மடித்த ஆங்கிலச் சீட்டு ஒன்று ஆகியவை அதில் இருந்தன.

“இதெல்லாம் குப்பைதானே தம்பி, எதுக்கு இவ்வளவு நேரம் பாக்குறீங்க?” என்றார் அவர்.

அந்தச் சீட்டைப் பற்றிப் பின்னர்க் கூறுகிறேன். முதலில், இத்தகைய ‘குப்பை’யை எவ்வாறு வாசிப்பது என்பதைக் காண்போம்.

ஏட்டை வாசிக்கும் முறை

ஓர் ஏட்டைக் கையில் எடுத்தவுடன் ஐந்து கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இதனை எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எதற்காக எழுதினார்? எவற்றை எழுதினார்? எவற்றை எழுதாமல் விட்டார்? இவ்வைந்தினுள் இறுதிக் கேள்வியே மிகவும் பயனுள்ளது.

செக்ரோல் ஏட்டை எடுத்துக்கொள்வோம். அதில் தொழிலாளியின் எண், பெயர், நாள்தோறும் வருகை, வேலையின் வகை, பற்று, பிடித்தம், கைக்குக் கிடைத்த சம்பளம் ஆகியவை இருக்கும். ஒரே கங்காணியின் கீழ் அடுத்தடுத்து வரும் பெயர்களைக் கொண்டு, ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பங்களை ஊகிக்கலாம். ஒரு மாதத்தில் பலருக்கும் வருகை குறைந்திருந்தால், அது காய்ச்சல் பரவிய காலமா, அடைமழைக் காலமா, வேலை நிறுத்தக் காலமா என ஆராயலாம். பெண்களின் சம்பளமும் ஆண்களின் சம்பளமும் எவ்வளவு வேறுபட்டன என்பதையும் கணக்கிடலாம். ஆனால் அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை அவ்வேடு கூறாது. அதனை முதியவரின் வாயால் கேட்டே அறிதல் வேண்டும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பிறிதொரு வகையினது. பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றை அது தரும். பத்து, பதினொரு வயதில் விலகிய பெண் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஆயாக்கொட்டகை இல்லாத தோட்டத்தில் தம்பி தங்கையரைக் காத்தவர்கள் யார் என்னும் கேள்விக்கு அவ்வெண்ணிக்கையில் விடை கிடைக்கக்கூடும்.

கோயில் கணக்கேடு இன்னும் வளமானது. காணிக்கை கொடுத்தவர் பெயர், அரிசியின் விலை, மேளக்காரர் வந்த ஊர், சாமியை வடித்த சிற்பிக்குக் கொடுத்த கூலி, அண்டைத் தோட்டத்தாரின் நன்கொடை, சீனக் கடைக்காரர் அளித்த எண்ணெய் ஆகிய யாவும் அதில் இடம் பெறும். ஒரு வட்டாரத்தில் பல்வேறு இனத்தாரும் எவ்வாறு கூடி வாழ்ந்தனர் என்பதற்கு அதனைவிடச் சிறந்த சான்று அரிது.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. ஏட்டில் உள்ளது அனைத்தும் பிழையற்றது எனக் கொள்ளுதல் கூடாது. கிராணிமார் பலர் தமிழ்ப் பெயர்களைத் தாம் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதினர். ஆகவே ஒரே முனியம்மாள் மூன்று ஏடுகளில் மூன்று விதமாகத் தோன்றலாம். பிறந்த ஆண்டு தெரியாதவர்களுக்கு ஆளைப் பார்த்து வயதைக் குறித்த வழக்கமும் உண்டு. எனவே ஒரு செய்தியை இரண்டு ஏடுகளிலேனும் ஒப்புநோக்கிய பின்னரே உறுதி செய்தல் வேண்டும்.

ஆவணம் உரிமையும் ஆகும்

பழைய ஏடுகள் வரலாற்று ஆர்வலர்களுக்கு மட்டுமே உரியவை என்று எண்ணுதல் தவறு. தோட்ட மக்களுக்கு அவை உரிமைச் சான்றுகளாகவும் விளங்கின.

அவசரகாலத்தின்போது 1948ஆம் ஆண்டில் அடையாள அட்டை அறிமுகமாயிற்று. விடுதலைக்குப் பின்னர், பலர் விண்ணப்பம் செய்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. அதற்குப் பிறந்த இடத்தையும் வாழ்ந்த காலத்தையும் மெய்ப்பித்தல் தேவைப்பட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை அற்றோர் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டும் என்றது. அனுமதி கிட்டாமலும் அச்சத்தாலும் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள், தாங்கள் நெடுங்காலம் வாழ்ந்த இந்நாட்டை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினர். குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்த கதைகளை நாம் கேட்டுள்ளோம். நெடுங்காலம் கழித்து, 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசாங்கம் ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கத்தை நடத்தி, பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர்களின் விண்ணப்பங்களைப் பெற்றது. அப்போதும் விண்ணப்பதாரரிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி, கையில் என்ன சான்று உள்ளது என்பதே.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருவோம். அது தோட்ட மருந்தகத்தில் ‘டிரெசர்’ என அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர் எழுதியது. தாயின் பெயர், தேதி, ஆண் குழந்தை, தோட்டத்தின் பெயர் ஆகிய நான்கு செய்திகளே அதில் இருந்தன. அதனைப் படித்துக் கூறியதும் மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அது என் தம்பி பொறந்த சீட்டு” என்றார்.

அத்தம்பி சிவப்பு அடையாள அட்டையுடனேயே வாழ்ந்து, அதனுடனேயே மறைந்தவர். பிறந்த இடத்திற்குச் சான்று இல்லை எனப் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டவர். சான்று அதே வீட்டின் பரணில் இருந்தது. அவ்வீட்டில் அதனைப் படிக்க வல்லார் எவரும் இல்லை. அந்தச் சீட்டு ஒன்றே குடியுரிமையைப் பெற்றுத் தந்திருக்கும் என்று யான் கூறமாட்டேன். ஆனால் ஒரு மனுவைத் தொடங்குவதற்கு அது போதுமாயிருந்திருக்கும். ஏட்டைக் காப்பது மட்டும் போதாது. அதில் என்ன உள்ளது என்பதை அறிந்திருத்தலும் வேண்டும் என்னும் பாடத்தை அன்று யான் கற்றேன்.

காக்கும் வழிகள்

இனி நாம் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

1. முதலில் பட்டியல் எழுதுங்கள். வீட்டிலும் கோயிலிலும் உள்ள ஒவ்வோர் ஏட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அது என்ன, எந்த ஆண்டுக்குரியது, யாரிடம் உள்ளது என்பவற்றைக் குறித்து வையுங்கள். வேற்று மொழியில் உள்ளதை, அம்மொழி அறிந்த பிள்ளையைக் கொண்டு படித்துப் பொருளையும் எழுதுங்கள்.

2. துருப்பிடித்த குண்டூசிகளையும் கம்பிகளையும் மெல்ல நீக்குங்கள். துரு தாளைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும். பழைய பத்திரங்களை ‘லேமினேட்’ செய்தல் கூடாது. ஒருமுறை செய்துவிட்டால் தாளைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

3. ஏடுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வையாதீர்கள். செய்தித்தாளில் உள்ள அமிலம் மற்றத் தாளையும் பழுப்பாக்கும். தூய வெள்ளைத் தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் இருட்டையும் ஈரத்தையும் நாடுவன. ஆகவே ஆண்டுக்கு இருமுறையேனும் திறந்து காற்றுப் படச் செய்யுங்கள்.

4. புகைப்படத்தின் பின்புறம், படத்தில் உள்ளவரின் பெயர், உறவு, இடம், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்புறம் தோன்றிவிடும். பெயரற்ற படம், அதில் உள்ளவரை அறிந்த கடைசி மனிதரோடு தானும் மறைந்துபோகும்.

5. வெள்ளத்தில் நனைந்த தாள்களைக் கடும் வெயிலில் காய வைக்காதீர்கள். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், தாளுக்குத் தாள் உறிஞ்சும் காகிதம் இட்டு உலர்த்துங்கள். இரண்டு நாள்களுக்குள் உலர்த்த இயலாதெனில், நெகிழிப் பையில் இட்டு உறைபெட்டியில் வையுங்கள். பூஞ்சை பிடிப்பது அதனால் தடைப்படும். பின்னர்ச் சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம்.

6. ஒவ்வோர் ஏட்டையும் கைத்தொலைபேசியால் படம் எடுத்து, அப்படங்களை இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். ஒரு பிரதி வேற்றூரில் வாழும் உறவினரிடம் இருப்பது நலம். பெக்கோக்கில் புகும் வெள்ளம் ஈப்போவில் உள்ள பிரதியைத் தொடாது.

7. மூல ஏட்டை எவருக்கும் எழுத்துச் சான்றின்றிக் கொடுக்காதீர்கள். நிலையாகக் காக்கத்தக்கது எனத் தோன்றினால், தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையை அணுகலாம். தனியார் ஆவணங்களையும் நன்கொடையாக ஏற்றுக் காக்க அதற்கு வகை உண்டு. பள்ளி மலரோ கோயில் மலரோ வெளியிடுவோர், 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்தில் சேர்த்தல் வேண்டும். இக்கடமையைப் பலர் அறியார். அறிந்து செய்தால், நம் மலர் நாட்டின் நூலகத்தில் என்றும் இருக்கும்.

தோட்ட அலுவலகம் இடிக்கப்படும் என்றோ, தோட்டம் விற்கப்படும் என்றோ செய்தி வந்தால், கோயில் குழுவினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் நிர்வாகியை நேரில் கண்டு, பழைய ஏடுகளை அழிக்காமல் தருமாறோ படம் எடுக்க அனுமதிக்குமாறோ பணிவுடன் கேட்டல் வேண்டும். கேளாமையால் இழந்தவையே மிகுதி.

முதியோரின் வாய்மொழி

எழுத்தில் ஏறாத வரலாறு முதியோரின் நெஞ்சில் உள்ளது. போர்க்காலத்தில் பதினைந்து வயதினராய் இருந்தவர்கள் இன்று நூறு வயதை நெருங்குகின்றனர். விரல்விட்டு எண்ணத்தக்கவரே எஞ்சியுள்ளனர். 1968ஆம் ஆண்டில் உறவினரை வழியனுப்ப இரயில் நிலையம் சென்ற இளைஞர்களுக்கு இன்று எண்பது வயதாகிறது. காலம் நமக்காகக் காத்திராது.

முதியவரிடம் பேசுவதற்கும் முறை உண்டு. அவருடைய அனுமதியைப் பெற்ற பின்னரே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். தொடக்கத்தில் நாள், இடம், பேசுவோர் பெயர் ஆகியவற்றைக் கூறிப் பதிவு செய்க. “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்னும் பொதுக் கேள்வியைவிட, “விடியற்காலையில் பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? வெட்டுக்காட்டுக்கு என்ன சாப்பாடு கொண்டு போனீர்கள்?” என்னும் சிறு கேள்விகள் மிகுந்த பயன் தரும். இடைமறித்துத் திருத்தாதீர்கள். அழுதால் சிறிது நிறுத்துங்கள். அவர் வெளியிட விரும்பாத செய்தியை வெளியிடாதீர்கள்.

முடிவுரை

அரசாங்கம் காப்பகத்தை அமைக்கலாம், சட்டத்தை இயற்றலாம், அறிஞர்களை அமர்த்தலாம். ஆனால் லயத்துப் பரணில் உள்ள தகரப் பெட்டியை அரசாங்கம் வந்து திறவாது. அதனைத் திறக்கும் கை நம்முடைய கையே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அரசாங்கம் அச்சிட்டது உண்மையே. எனினும், அவர் மறைந்து பல்லாண்டுகள் அது அழியாது நின்றமையால்தான் அச்சிட இயன்றது.

இம்மாதத்தின் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வீட்டுப் பெரியவரை அருகில் அமர்த்தி, அப்பெட்டியை இறக்கித் திறவுங்கள். பிள்ளைகளும் உடனிருக்கட்டும். அதில் உள்ள ஒவ்வொரு தாளையும் படித்துக் கேட்கச் செய்யுங்கள். நம் வட்டாரத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குமாக.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. தோட்டத்தின் செக்ரோல் ஏடு அரசாங்க ஆவணமாகக் கருதப்படாமைக்குக் காரணம் யாது? அதனால் நேரும் இழப்பு யாது?

2. மொரிசியசுப் பதிவேடுகளையும் சயாம் இரயில்பாதைத் தொழிலாளர் நிலையையும் ஒப்பிட்டு விளக்குக.

3. உங்கள் கோயிலின் பழைய திருவிழாக் கணக்கு ஒன்றைப் பெற்று, அதிலிருந்து அறியக்கூடிய பத்துச் செய்திகளை எழுதுக.

4. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய பத்திரம் எது? அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.